மூன்று நொடி முந்தி

சோல்,
தென் கொரியா, 7 மார்ச் 2004

மருமகன் தேயுனுக்கு,

மாமா க்வாக் மான்ஷிக் எழுதுவது. இங்கே நானும் என் தொண்டையும் நலம். அங்கே எல்லைப் பனியில் உன் கால் விரல்கள் பத்தும் கழன்று விழாமல் இருக்கின்றனவா? எண்ணிப் பார்த்து எழுது. உன் அம்மா கேட்கச் சொன்னாள்.

இந்த ஆண்டு நான் உனக்கு எழுதப்போகும் கதையை ஒருவரும் நம்பப்போவதில்லை. என் நுரையீரல் மேல் ஆணையிட்டுச் சொல்கிறேன். இந்த நாட்டில் அதைவிடப் பெரிய உறுப்பு கிடையாது. நீயும் நம்ப வேண்டாம், படித்தால் போதும்.

நாலு வருடமாக எங்கள் வீடியோ கேம் சேனலில், இருவர் கணினியில் படை நடத்தி மோதும் சனிக்கிழமை லீக் என்றால் என் குரல்தான். நான் கத்தினால் ஹான் ஆற்று மீன்கள் மறுகரைக்கு ஒதுங்கும். தோற்றவன் தன் கணினியில் ‘ஜிஜி’ என்று இரண்டெழுத்து அடித்துத் தோல்வியை ஒப்புக்கொள்ளும் நொடி இருக்கிறதே, அதை நாட்டுக்கு அறிவிப்பது நான். நேற்று என் பக்கத்து நாற்காலியில் ஒருவனைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். பெயர் பியோ சங்கு. இருபத்தாறு வயது, முன்னாள் ஆட்டக்காரன். கத்துவதே இல்லை. தூங்குகிற குழந்தைக்குப் போர்வை போர்த்துகிறவன் மாதிரி பேசுகிறான்.

“அண்ணே, இன்னும் நாப்பது விநாடியில இந்தப் பையன் ஜிஜி அடிச்சிருவான்” என்றான், நேரலையில். நாற்பதாவது விநாடியில் அடித்தான். அரங்கில் இருந்த முந்நூறு பெண்களும் ஒன்றாகப் பெருமூச்சு விட்டதில் என் தலைமுடி கலைந்தது.

எனக்குப் பொறாமை கிடையாது. அதை மட்டும் தனியாகக் குறித்து வைத்துக்கொள்.

இஞ்சித் தேநீரோடு,
மாமா

*

சோர்வொன் முகாம்,
21 மார்ச் 2004

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். விரல்கள் பத்தும் இருக்கின்றன. இரண்டில் உணர்ச்சி இல்லை, ஆனால் இருக்கின்றன. உங்கள் தொண்டையும் அம்மாவின் முழங்காலும் எப்படி?

எங்கள் அறையில் இருபது பேருக்கு ஒரே டிவி. ரிமோட் சார்ஜென்ட் போங் கையில். சனிக்கிழமை மாலை உங்கள் லீக்தான் ஓடும். நீங்கள் என் மாமா என்று இங்கே யாருக்கும் சொல்லவில்லை. சொன்னால் தினமும் என்னை எழுப்பி நிற்கவைத்து உங்களைப் போலக் கத்திக் காட்டச் சொல்வார்கள்.

புதியவரைப் பற்றி எழுதலாமா என்று தெரியவில்லை. அவர் வாயைத் திறந்தாலே போங், “டேய், மூச்சு விடாதீங்கடா, பியோ பேசுறாரு” என்கிறார். நீங்கள் பேசும்போது சத்தத்தைக் குறைக்கிறார். அது காதின் நலனுக்காக மட்டும்தான், மாமா.

இங்கே எல்லாருக்கும் செல்லப்பிள்ளை மா இன்சொக் என்ற ஆட்டக்காரன். மற்றவர்களுக்குப் பெரிய கம்பெனி, வேன், தங்கும் விடுதி. அவன் மட்டும் பூசானிலிருந்து தன் விசைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருகிறானாமே? அவன் கோப்பை வாங்குவான் என்று போங் பதினாறு சாக்கோ பை (இங்கே அந்தச் சாக்லேட் கேக்தான் காசு) பந்தயம் கட்டியிருக்கிறார். நீங்கள் அவனைப் பார்த்தால் எங்களுக்காக முதுகில் ஒரு தட்டு தட்டுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.
தேயுன்

*

சோல்,
4 ஏப்ரல் 2004

மருமகனே,

உன் அம்மாவின் முழங்கால் நலம். அவள் வைத்த கிம்சி ஊறுகாய் நலம். நான்தான் நலமில்லை.

சத்தத்தைக் குறைக்கிறாரா? உன் சார்ஜென்ட் பெயரைச் சிவப்பு மையில் எழுதி வைத்துவிட்டேன்.

இந்தப் பியோ செய்யும் அநியாயங்களைக் கேள். நாலு வருடமாக எனக்கு வெந்நீரை மட்டும் துப்பிய காபி இயந்திரம் அவனுக்கு நுரையில் இதயம் வரைந்து தருகிறது. மணிக்கு ஒருமுறை வரும் சேனல் விளம்பரத்தில் நான் ‘ஜிஜி’ என்று கத்துவது இருக்கும் அல்லவா? எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் அவன் மெல்ல “முடிஞ்சுது” என்கிறான். மூன்று சனிக்கிழமையாக ஜிஜியை முதலில் சொல்வது அவன்தான். நான் அதற்குப் பிறகு கத்துவது, பஸ் போன பிறகு நிறுத்தத்தில் நின்று கை காட்டுவது போல இருக்கிறது.

இதில் மன்னிக்கவே முடியாதது எது தெரியுமா? அவன் நல்லவன். ஆட்டம் முடிந்ததும் என் மைக்கின் ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறான். கெட்டவனாக இருந்தால் வெறுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

போதாததற்கு ஒலி பார்க்கும் நோ பெரியவர் வந்து, “ஆட்டக்காரங்க உக்கார்ற கண்ணாடி ரூம் இருக்குல்ல, அதோட கதவு ரப்பர் பிஞ்சு போச்சுய்யா. புதுசு வர ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் கொஞ்சம் மெதுவா கத்துங்க” என்கிறார். மெதுவாகக் கத்துவதாம்! சமுத்திரத்திடம் போய்க் கொஞ்சம் சின்னதாக அலையடி என்று சொல்வாரா?

உன் இன்சொக்கின் முதுகில் தட்டினேன். எலும்பும் தோலுமாக இருக்கிறான். அரையிறுதிக்கு வந்துவிட்டான்.

கொதித்துக்கொண்டிருக்கும்
மாமா

*

சோல்,
16 மே 2004

மருமகனே,

பதில் இல்லை. பயிற்சிக்கு மலை ஏறியிருப்பாய். காலுறையை மாற்று.

நேற்று அரையிறுதி. வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும் கடைசி ஆட்டம். இன்சொக்கின் படை நடு மைதானத்தில் கரைந்தது. பக்கத்தில் பார்க்கிறேன்: பியோ மைக்கை நெருங்குகிறான், அவன் உதடு ‘மு’வுக்குக் குவிகிறது. விடுவேனா? எழுந்தேன். நாற்காலி பின்னால் உருண்டது. “மா இன்சொக், ஜிஜி!” என்று ஒன்று விட்டேன் பார்!

கண்ணாடி அறை மேலிருந்து கீழாக மூன்றாகப் பிளந்தது. எங்கள் மாடிக்கு ஒன்பது மாடி கீழே உணவகத் தொட்டியில் இருந்த நண்டுகள் அடுப்பில்லாமலே வெந்தன. எல்லைக்கு அந்தப்பக்கம் வடக்குக் காவலர்கள் விறைத்து நின்று சல்யூட் அடித்ததாகக் கேள்வி. நீ அங்கேதான் இருக்கிறாய், விசாரித்துச் சொல். மூன்றே நொடி கழித்துப் பையன் ஜிஜி அடித்தான்.

முதலில் சொன்னது நான்.

பியோ என் முகத்தையே பார்த்தான். பிறகு கண்ணாடி அறைக் கதவைப் பார்த்தான். பொறாமையாக இருந்திருக்கும், பாவம்.

வெற்றி வீரன்,
மாமா

*

சோர்வொன்,
6 ஜூன் 2004

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நலமா? மலையிலிருந்து நேற்றுதான் இறங்கினோம். காலுறை மாற்றினேன்.

வந்தவுடன் அரையிறுதியின் மறுஒளிபரப்பு. மாமா, நீங்கள் பார்த்தீர்களா? இன்சொக்கின் ஒரு பறக்கும் கப்பல் மட்டும், எட்டு வீரர்களோடு, வரைபடத்தின் ஓரமாக யாருக்கும் தெரியாமல் ஊர்ந்து போய்க்கொண்டிருக்கிறது. எதிரியின் கோட்டை காலி. எதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இன்னும் பத்து விநாடி பொறுத்திருந்தால் ஆட்டமே தலைகீழ். அதற்குள் இவன் ஜிஜி அடித்துவிட்டான்!

போங் பதினாறு சாக்கோ பையையும் எண்ணிக் கொடுத்துவிட்டு, “கப்பலை விட்டுட்டு ஓடுன கோழைப் பய” என்றார். நாடு முழுக்க இணையத்தில் அவனுக்கு அதுதான் பேராம். ‘கப்பலை விட்டவன்’. பூசானில் அவன் அம்மாவின் கடை வாசலில் யாரோ காகிதக் கப்பல்களைக் கொட்டிவிட்டுப் போனார்களாம்.

கண்ணாடி மூன்றாகப் பிளந்தது என்று எழுதியிருந்தீர்கள். டிவியில் நன்றாகத்தான் இருந்தது. தனியாகச் சிரித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமை உங்கள் குரல் இல்லையாமே? தொண்டை வலியா?

தேயுன்

*

சோர்வொன்,
11 ஜூலை 2004

மாமாவுக்கு வணக்கம்.

போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. உடம்புக்கு என்ன என்று அம்மாவைக் கேட்டால், “நல்லாத்தான் இருக்கான், சாப்பாட்டுத் தட்டைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்கான்” என்று எழுதுகிறாள்.

இன்று காலை ஆறு மணிக்கு எழுந்து போர்வை மடிக்கும்போது போங் டிவியைப் போட்டார். உங்கள் சேனல். நீங்கள்! கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, வீட்டுக்கு எந்தப் பிரிண்டர் வாங்கலாம் என்று பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தீர்கள். மை தீர்ந்தால் எப்படி மாற்றுவது என்றும் சொன்னீர்கள். ஒருமுறைகூடக் கத்தவில்லை. பயமாக இருந்தது, மாமா.

பியோதான் உங்களை விரட்டிவிட்டாரா? சொல்லுங்கள். அவர் பேசும்போது நானே எழுந்து போய் டிவியை அணைக்கிறேன். தண்டனை கிடைத்தால் கிடைக்கட்டும்.

தேயுன்

*

சோல்,
15 ஆகஸ்ட் 2004

மருமகனே,

நலம். வெயில் கொளுத்துகிறது. பனிக்கட்டி போலக் குளிர்ந்த ஊரில் நீ இருக்கிறாய் என்று பொறாமைப்படுகிறேன். எனக்கு இப்போது எல்லார் மேலும் பொறாமை.

நான் விரட்டப்படவில்லை. பதவி உயர்வு! காலை ஆறு முதல் ஆறரை வரை தொழில்நுட்பம் என்ற சாம்ராஜ்யம் முழுவதற்கும் நான்தான் சக்கரவர்த்தி. பிரிண்டர்கள் என் குடிபடைகள். கைப்பேசிகள் எனக்குக் கப்பம் கட்டுகின்றன. கேமராக்காரர் தூங்கிவிடுவதால் நானே எழுந்து போய்ப் படத்தைச் சரிசெய்து, திரும்ப ஓடிவந்து பேசுகிறேன்.

பியோ செய்தானா என்று கேட்டாய். பெரிய மனிதர்கள் அதைப்பற்றிப் பேசுவதில்லை. சனிக்கிழமை லீக்கைப் பார்க்கிறேன். அவன் தனியாக உட்கார்ந்திருக்கிறான். என் நாற்காலியை இன்னும் எடுக்கவில்லை. அதில் யாரையும் உட்காரவும் விடவில்லையாம். ஏன் இப்படி நல்லவனாக இருந்து உயிரை வாங்குகிறான்?

அந்தப் பையனை இன்னும் கப்பலை விட்டவன் என்றா சொல்கிறார்கள்? சும்மா கேட்டேன்.

மாமா

*

சோர்வொன்,
26 செப்டம்பர் 2004

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். அறுவடைப் பண்டிகைக்கு அரிசிப் பணியாரம் தந்தார்கள். அம்மா செய்வது போல இல்லை. நீங்கள் நலமா?

இந்தமுறை நம்ப முடியாத கதை என்னிடம் இருக்கிறது. போன வாரம் எங்கள் அறைக்கு ஒரு புதுச் சிப்பாய் வந்தான். வாசலில் நின்று பெயரைக் கத்த வேண்டும் அல்லவா? “மா இன்சொக்!” என்றான், பாதிக் குரலில்.

போங் எழுந்து கிட்டப் போய், “டேய், நீ கப்பலை விட்டவன்தானே? என் பதினாறு சாக்கோ பையை எங்கடா?” என்றார். அறை அதிர்ந்தது. இப்போது யாராவது கைதட்டினால் அவன் எழுந்து நின்று ‘ஜிஜி’ சொல்ல வேண்டும். சாப்பிடும்போதும். அவன் செய்கிறான்.

நேற்று சமையலறையில் பூண்டு உரிக்க எங்கள் இருவரையும் போட்டார்கள். கேட்டேன்: “ஏன்டா விட்டே? இன்னும் பத்து விநாடி.”

உரித்த பூண்டைச் சட்டியில் போட்டான். பிறகு சொன்னான்: “எனக்குக் கேட்டுச்சு அண்ணே. என் பேரைச் சொல்லி ஜிஜின்னு. உள்ளே இருக்கிற நமக்கு நம்ம பக்கம் மட்டும்தான் தெரியும். மேல உக்காந்து பேசுறவங்களுக்கு ரெண்டு பக்கமும் தெரியுது. அவரே முடிஞ்சுதுன்னு சொன்னா, என் கப்பலை எதிராளி பாத்துட்டான்னு தானே அர்த்தம்? சுட்டு வீழ்த்துறதைப் பாக்க மனசு வரல. அடிச்சிட்டேன்.”

“யாருகிட்டயாவது சொன்னியா?”

“தோத்தவன் சொன்னா அதுக்குப் பேரு சாக்கு.”

நான் யாருடைய மருமகன் என்று அவனுக்குத் தெரியாது. மாமா, கண்ணாடி பிளந்தது என்று எழுதினீர்களே. அந்தக் கதவு ரப்பர் எப்போது மாற்றினார்கள்?

தேயுன்

*

சோல்,
3 அக்டோபர் 2004

தேயுன்,

ரப்பர் மே மாதம் இருபதாம் தேதி மாற்றினார்கள். அரையிறுதிக்கு ஐந்து நாள் கழித்து.

எனக்குத் தெரியும். நோ பெரியவர் சொன்னது ஞாபகம் இருந்தது. பியோவின் உதடு அசைந்ததும் அது மறந்துவிட்டது என்று உனக்கு எழுதலாம்; ஆனால் மறக்கவில்லை. அவனை முந்த வேண்டும் என்பது அதைவிடப் பெரிதாக இருந்தது. கப்பலையும் நான் பார்த்தேன்.

என்னை யாரும் விரட்டவில்லை. அடுத்த சனிக்கிழமை ஜிஜி சொல்லும் நேரத்தில் வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. நானே போய்க் காலை நிகழ்ச்சியைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். நீ பியோவைத் திட்டினபோது உண்மையைச் சொல்லியிருக்கலாம். கேட்க இதமாக இருந்தது, விட்டுவிட்டேன்.

பையனை இனி எழுந்து நிற்க வைக்காதிருக்க உன்னால் ஆனதைச் செய். மற்றதை நான் செய்கிறேன். இருபத்திரண்டாம் தேதி காலை ஆறு மணிக்கு டிவியைப் போடச் சொல்.

க்வாக் மான்ஷிக்

*

சோர்வொன்,
24 அக்டோபர் 2004

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? இரண்டு நாளாக உங்களை நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

பார்த்தோம். பிரிண்டரை ஓரமாக நகர்த்திவிட்டு, ரப்பர், மூன்று நொடி, கப்பல் எல்லாவற்றையும் சொன்னீர்கள். “அந்தப் பையன் கோழை இல்லை, என் குரல்தான் அவனைத் தோற்கடித்தது” என்று சொன்னபோது கூட நிகழ்ச்சி நடத்தும் பெண் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள், பார்த்தேன். “எங்க க்வாக் சாருடைய குரல் இன்னிக்கு எத்தனை கண்ணாடியை உடைச்சிருக்கு பாருங்க!” என்றாள். அதோடு விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

எங்கள் அறையும் சிரித்தது. போங், “இந்தாளு போன வருசம் தன் தும்மல்ல விமானம் திசை மாறிடுச்சுன்னு சொன்னவரு” என்றார். நான் எழுந்து, “அவரு என் மாமா. சொல்றது உண்மை” என்றேன். இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். “ஓஹோ, குடும்பமே புளுகா?” இப்போது யாராவது கைதட்டினால் நாங்கள் இருவரும் எழுந்து நிற்கிறோம்.

இன்சொக் மட்டும் சிரிக்கவில்லை. போர்வையை மடித்து முடித்துவிட்டு என்னிடம் வந்து, “உங்க மாமாவா அண்ணே? முதுகில ஒரு தடவை தட்டினாரு” என்றான். அவ்வளவுதான்.

மாமா, நீங்கள் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். நாலு வருடமாக அப்படிப் பழக்கியிருக்கிறீர்கள். இந்த நாடு மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிற குரல் ஒன்று இருக்கிறது. அது யாருடையது என்று நான் எழுத வேண்டியதில்லை.

தேயுன்

*

சோர்வொன்,
7 நவம்பர் 2004

மாமா,

நலம் விசாரிக்கக் கை ஓடவில்லை!

நேற்று லீக் தொடங்குமுன் பியோ மைக்கைப் பக்கத்தில் இழுத்தார். வழக்கம் போல மெல்லத்தான் பேசினார். “மே மாசம் பதினஞ்சாம் தேதி நான் க்வாக் அண்ணன் பக்கத்துல இருந்தேன். அவர் சொன்னது உண்மை. கதவு சரியா அடைக்கல, உள்ளே கேட்டிருக்கும்னு எனக்கு அன்னிக்கே தெரியும். நானும் பேசாம இருந்துட்டேன். மா இன்சொக், மன்னிச்சிரு.” பிறகு அந்தக் கப்பலின் படத்தைப் போட்டு, பத்து விநாடியில் என்ன நடந்திருக்கும் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். ஜெயித்திருப்பான், மாமா. இருபது பேரும் மூச்சு விடவில்லை.

முடிந்ததும் போங் எழுந்து, பெட்டியைத் திறந்து, ஒரு சாக்கோ பையை எடுத்து இன்சொக்கின் தலையணை மேல் வைத்தார். “அந்தப் பதினாறையும் இனி நீ எனக்குத் தரவேண்டியதில்ல” என்றார். யாரோ பழக்கத்தில் கைதட்டிவிட்டான். இன்சொக் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே தின்றான்.

பியோவை எப்படிப் பேசவைத்தீர்கள்?

தேயுன்

*

சோல்,
14 நவம்பர் 2004

மருமகனே,

நலம். உன் அம்மா குளிர்காலக் கிம்சிக்கு நூறு முட்டைக்கோசு வாங்கி என்னை உப்புப் போட வைத்திருக்கிறாள். இந்தக் கடிதம் மிளகாய் வாசம் அடித்தால் அதனால்தான்.

எப்படிப் பேசவைத்தேன் என்று கேட்டாய். சொல்கிறேன், சபையோர் கேட்கட்டும். ஏழு வெள்ளைக் குதிரைகள் பூட்டிய வண்டியில் பியோவின் வீட்டுக்கு எழுந்தருளினேன். தெருவில் இருமருங்கும் பிரிண்டர்கள் அணிவகுத்து வண்ணக் காகிதம் துப்பின. பியோ வாசலுக்கு ஓடிவந்து என் காலில் விழுந்து, “அண்ணே, உங்க தொண்டையில கால்வாசி கிடைச்சா போதும், இந்த ஜென்மம் தீர்ந்துச்சு” என்று கதறினான். போனால் போகிறது என்று ஒரு வேலை கொடுத்தேன்: சனிக்கிழமை நாலு வார்த்தை பேசு என்று. அவன் ஆனந்தக் கண்ணீரில் கீழ்வீடு வரை நனைந்தது. என் பொறாமை அந்த வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்விட்டது.

எல்லாம் பொய். கடைசி வாக்கியம் பெரும் பொய்.

ஒரு சின்னப் பகுதி மட்டும் உண்மை. போனேன். மூன்று தடவை படியேறி இறங்கி, நாலாவது தடவை மணி அடித்தேன். கதவைத் திறந்தவனுக்கு என் முகத்தைப் பார்த்ததுமே நான் என்ன சொல்ல வந்திருக்கிறேன் என்று தெரிந்துவிட்டது. அவனுக்குத்தான் எல்லாம் நாற்பது விநாடி முன்பே தெரியுமே. ஆனாலும் நான் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடிக்கும்வரை அவன் முந்தவில்லை.

மாமா